கியர்பாக்ஸுக்கு அடித்த பெயின்ட்

என் வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். முப்பது வருடமாக வண்டிகளுக்கு அடியில் படுத்தே முதுகைத் தேய்த்தவர். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. இறக்கிப் பிரித்த கியர்பாக்ஸ் எதுவானாலும், வெள்ளி நிறப் பெயின்ட் அடிக்காமல் திரும்ப ஏற்ற மாட்டார். "அடியில யாருங்க பாக்கப் போறா?" என்று கேட்டால், "நான் பாப்பேன்ல" என்பார். வீட்டுச் சுவருக்கு ஒரு கை அடியுங்கள் என்று நான் கேட்டு நாலு வருடமாகிறது.

என் அண்ணனின் லாரி பட்டறைக்கு வந்து ஐந்து நாளாகியிருந்தது. பழைய வண்டி, கியர் தானாக மாறும் ரகம். இரண்டு மாதம் முன்பு இவர்தான் அதன் கியர்பாக்ஸை இறக்கிச் சரிசெய்து கொடுத்தார். இப்போது எஞ்சின் விளக்கு எரிந்தது. வண்டி மூன்றாவது கியரிலேயே சிக்கிக்கொண்டு, மேட்டைக் கண்டால் முக்கி முனகியது. கோளாறைக் காட்டும் ஸ்கேனரைச் சொருகினால் ஒரு நாள் சென்சார் என்றது, மறுநாள் வால்வு என்றது. காட்டியதையெல்லாம் மாற்றிப் பார்த்தார். ஒரு சுற்றுப் போய்த் திரும்புவதற்குள் விளக்கு மறுபடி எரியும்.

ஐந்தாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "என்னால முடியல. பாக்ஸ் போயிடுச்சுன்னு மச்சான்கிட்ட சொல்லிடறேன்."

வேறு பாக்ஸ் வாங்க அண்ணனிடம் காசு இல்லை. பழைய இரும்பு எடுப்பவரை மறுநாள் மதியம் வரச் சொன்னார். ஐம்பத்தெட்டு வயதில் இன்னொருவர் வண்டிக்கு டிரைவராகப் போகவும் ஒப்புக்கொண்டார்.

காலையில் நானும் பட்டறைக்குப் போயிருந்தேன். அண்ணன் வண்டிக்குள் ஏறி, தன் போர்வையையும் தண்ணீர் கேனையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். எதையும் வீணாக்க மனம் வராத என் வீட்டுக்காரர், எர்த் வயரையாவது கழற்றி வைப்போம் என்று அடியில் புகுந்தார். பேட்டரியிலிருந்து வந்து கியர்பாக்ஸில் முறுக்கியிருக்கும் தடித்த வயர் அது. டார்ச்சைக் கேட்டு அடியிலிருந்து கையை நீட்டினார். குனிந்து பார்த்தேன்.

வயர் உட்கார்ந்திருந்த இடத்தில் வெள்ளிப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. இரும்பை வயர் நேராகத் தொட வேண்டிய இடம். இவர் பெயின்ட்டின் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார். போல்ட் வழியாகக் கொஞ்ச நாள் எப்படியோ கரண்ட் ஓடியிருக்கிறது, பிறகு வண்டி ஆடிய ஆட்டத்தில் அதுவும் தளர்ந்துவிட்டது. எர்த் சரியாகக் கிடைக்காமல், கியரை மாற்றும் கம்ப்யூட்டர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறது.

உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்தெடுத்து, வயரை மாட்டி, ஸ்கேனரில் பழைய கோளாறுகளை அழித்தார். பிறகு இவரும் அண்ணனும் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். மேடு ஏறி இறங்கித் திரும்பி வரும்போதும் விளக்கு எரியவில்லை.

அண்ணன் குதித்து இறங்கி இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, செத்த வண்டிக்கு உயிர் குடுத்துட்டீங்க!"

நான் இவருக்குக் கண்ணைக் காட்டினேன். வாயைத் திறக்காதீர்கள் என்றுதான். என்னைக் கெட்டவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

"உயிரை எடுத்ததே நான்தான் மச்சான். பெயின்ட் மேலேயே வயரை மாட்டிட்டேன்" என்றார் இவர். "அஞ்சு நாளா எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். என் வேலையை மட்டும் சந்தேகப்படல."

அண்ணன் கையை விட்டார். இரும்புக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். சாக்கை அவிழ்த்து, போர்வையை மடித்துப் பழைய இடத்தில் வைத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறை வாசல்வரை போனவர் நிறுத்தித் தலையை நீட்டினார்.

"அடுத்த தடவையும் உங்ககிட்டதான் வருவேன். ஆனா வயர் மாட்டுறப்போ நானும் பக்கத்துல நிப்பேன்."

வண்டி திருப்பத்தில் மறைந்ததும் இவர் உள்ளே போய்ப் பெயின்ட் டப்பாவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"வீட்டுச் சுவத்துக்கு ஆகுமா பாரு" என்றார்.