மேற்குத் தட்டி

பள்ளிகொண்டாவில் தோல் ஷாப் வேலையை விட்டுவிட்டு எபினேசர் மீன் குளம் வெட்டியது எண்பத்து மூன்றில். மறு வருஷமே மேற்குப் பக்கத்து நிலத்தில் ஏகாம்பரமும் ஒரு குளம் வெட்டினான். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் எபினேசருக்கு அடங்கவே இல்லை. ஏகாம்பரத்தின் கண் தன் தாய் மீன்கள் மேல் பட்டுவிடும் என்று குளத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஓலைத் தட்டி கட்டினான். திருஷ்டி என்று சொன்னால் பாஸ்டர் திட்டுவார். அதனால் காற்றுக்கு மறைப்பு என்று சொல்லிவைத்தான்.

வைகாசியில் ஏகாம்பரத்தின் ரோகு மீன்கள் சினையோடு உப்பியிருந்தன. எபினேசரின் மீன்கள் ஒட்டிய வயிறோடு திரிந்தன.

"அவன் இன்னாமோ மருந்து போடறான் சார்" என்று, குளத்தைப் பார்க்க ஜீப்பில் வந்த மீன்வளத் துறை ஆபீசரிடம் எபினேசர் புலம்பினான்.

"மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. பகல் நீண்டாத்தான் மீனுக்குச் சினை பிடிக்கும். காலையிலயும் சாயங்காலமும் சாய்வா விழற வெளிச்சத்தை உன் தட்டி மறைச்சிடுது. உன் மீனுக்கு இன்னும் தை மாசம்தான் நடக்குது. எல்லாத்தையும் பிரிச்சுப் போடுய்யா."

ஜீப் கிளம்பியதும் எபினேசர் அரிவாளை எடுத்தான். கிழக்கு, வடக்கு, தெற்கு என்று மூன்று பக்கத் தட்டியையும் அறுத்துத் தள்ளிவிட்டு, மேற்குத் தட்டி முன்னால் வந்து நின்றான். அந்தப் பக்கம் ஏகாம்பரம் விசிலடித்துக்கொண்டே வலையை உதறுவது கேட்டது.

சாயங்கால வெளிச்சம் போனால் போகட்டும் என்று, அந்தத் தட்டியிலிருந்த ஓட்டையை இரண்டு ஓலை வைத்து அடைத்தான்.