ராட்டர்டாமில் எதிர்ப்பக்க டிராம்

நிறைமாதப் பரிசோதனைக்குப் போன தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்கிறாள். “வலி எடுத்துகிச்சிக்கா. ஜல்தி வா.”

ஆரணியிலிருந்து ராட்டர்டாம் வந்து பதினோரு நாள் ஆகிறது. தனியாக டிராம் ஏறுவது இன்றுதான். நீளமான டிராம் சீட்டை மடித்து மஞ்சள் பெட்டிக்குள் நுழைக்கிறேன், முத்திரை விழுகிறது. நான்கு நிறுத்தம் தாண்டியும், ஆஸ்பத்திரிக்கு முன்னால் வரவேண்டிய ஆற்றுப் பாலத்தைக் காணோம்.

பக்கத்து இருக்கையில் நம் முகஜாடையில் ஒரு பெண்மணி. ஆரணிக் கடைவீதியில் பழகிய உருதுவில் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்கிறேன். சுரிநாமில் பிறந்த அவருக்கு வீட்டில் இந்திதானாம்.

“உல்டாவாகப் போகிறாயே. இறங்கி எதிர்ப்பக்கம் ஏறு. இதே சீட்டு ஒரு மணி நேரம் செல்லும்,” என்கிறார் இந்தியில்.

இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டுகிறேன். அடுத்த டிராமில் நானே நிறுத்தங்களின் பெயர்ப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். பாலம் வருகிறது, பிறகு ஆஸ்பத்திரி.

கட்டிலில் இருந்தபடியே தங்கை கையை நீட்டுகிறாள். “யாரு கூட வந்தக்கா?”

“தனியாதான். வழி கேட்டுகினு வந்துட்டேன்.”

“எங்க வூட்டுக்காரரு கார்ல வந்துகினு இருக்காரு. இன்னும் காணோம்,” என்று வலியோடு சிரிக்கிறாள்.