மீன் வெடில் போன மண்டூர் வாத்து

காலை ஐந்தரைக்கு வாழைச்சேனையில் பஸ் ஏறினேன். மட்டக்களப்பில் கல்முனை பஸ்ஸுக்கு மாறி, களுவாஞ்சிகுடியில் இறங்கி, ஆட்டோவில் குருமண்வெளித் துறைக்குப் போனபோது மணி எட்டரை. வாவியைக் கடக்க அங்கே 'பாதை' உண்டு. இயந்திரம் பூட்டிய பெரிய மிதவையைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். மோட்டார் சைக்கிள்களோடு நின்றுகொண்டே அக்கரை போனேன். அக்கரை மண்டூர்.

என் மனைவிக்குத் தூரத்து உறவான பரமேஸ்வரி அங்கே இறைச்சிக்கு வாத்து வளர்க்கிறார். நானும் வளர்க்கிறேன். வாழைச்சேனைத் துறைமுகத்தில் சும்மா கிடைக்கும் மீன் கழிவைத்தான் போடுவேன். வாத்து நன்றாகக் கொழுக்கும், ஆனால் இறைச்சியில் மீன் வெடில், அதாவது மீன் நாற்றம், அடிக்கும். பரமேஸ்வரியும் வாவி மீனைப் போட்டவர்தான். போன முறை காத்தான்குடி வியாபாரி ஒருவர் வெடில் என்று சொல்லி எல்லா வாத்தையும் விட்டுப் போய்விட்டார். அதன் பிறகு பரமேஸ்வரி மீனை நிறுத்தித் தீனை மாற்றினார் என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்கத்தான் போனேன். அந்த வியாபாரி இன்று மறுபடி வருகிறார். இன்றும் வேண்டாம் என்றால் இரண்டு வாத்துப் பட்டிகளையும் மூடுவதென்று பரமேஸ்வரி முடிவு செய்திருந்தார்.

நான் போனபோது தீன் தயாராகிக்கொண்டிருந்தது. மரவள்ளி இலையை முதல் நாளே பறித்து வாடவைத்திருந்தார். பச்சையாகத் தின்றால் வாத்துக்கு ஆகாதாம். அதையும், தொட்டியில் வளர்த்த அசோலாப் பாசியையும் தவிட்டில் பிசைந்தார். கடைத் தீனை முற்றாக நிறுத்தவில்லை, பாதியாகக் குறைத்திருக்கிறார். ஈரத்தில் வளரும் கங்குன் கீரையை அரிந்து தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டார். தரையில் போட்டால் வாத்து மிதித்தே வீணாக்கும். மிதக்கும் கீரையில் ஓர் இலைகூட மிஞ்சவில்லை. இது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பத்தரைக்கு வியாபாரி சின்ன லொறியில் வந்தார். முஸ்லிம் பெரியவர், அதனால் எங்களுக்குக் 'காக்கா', அதாவது அண்ணன். கத்தியும் பானையும் அவரே கொண்டுவந்திருந்தார். முன் பட்டியில் ஒரு வாத்தைப் பிடித்துத் தானே அறுத்து, உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு முற்றத்திலேயே அவித்தார்.

"மசாலாப் போட்டா எல்லா வாத்தும் நல்ல வாத்துதான், புள்ள," என்றார்.

அவிந்து முடியும்வரை பரமேஸ்வரி கூட்டிய முற்றத்தையே திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார்.

வியாபாரி ஒரு துண்டு தின்றார். இன்னொரு துண்டை என்னிடம் நீட்டினார். "நீங்க துறைமுகத்து ஆளாம். வெடில் உங்களுக்குத்தான் தெரியும். திண்டு பாத்துச் சொல்லுங்க."

இருவரும் என்னையே பார்த்தார்கள். மென்றேன். மீனைத் தேடினேன், கிடைக்கவில்லை.

"வெடில் இல்ல, காக்கா. ஆட்டிறைச்சி மாதிரி இரிக்கி."

"மெல்லச் சொல்லுங்க. ஆட்டு விலை கேட்டுடுவா," என்று சிரித்தவர், இரண்டு பட்டியையும் ஏற்றச் சொன்னார்.

பரமேஸ்வரி பின் பட்டியின் வாசலில் போய் நின்றார். "இத இப்ப ஏத்த வேணாம், காக்கா. இதுகள் போன கிழமை வரைக்கும் மீன் திண்டதுகள். கொஞ்ச நாள் கீரை திங்கட்டும்."

வியாபாரி முன் பட்டி வாத்துகளை மட்டும் ஏற்றினார். "அப்ப நான் திரும்ப வாறன். வேற ஆருக்கும் குடுத்திராத, புள்ள," என்றார்.

பகல் ஒரு மணிப் பாதையில் திரும்பினேன். பரமேஸ்வரியிடம் விற்க ஒன்று, காத்திருக்க ஒன்று என்று இரண்டு பட்டிகள் இருந்தன. என்னிடம் இருப்பது ஒன்று, அதில் எல்லாமே மீன் தின்றவை. என் வீட்டுக் கிணற்றடியில் குளித்த தண்ணீர் ஓடி நிற்கும் இடம் கங்குன் நடப் போதுமா என்று கணக்குப் போட்டபடியே வாழைச்சேனை வந்து சேர்ந்தேன்.