பிரஷர் இறங்கிய பிறகு

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் இஸ்திரியக்கா என்பார்கள். ஆவி பறக்கும் மேசை முன்னால் நாள் முழுக்க நின்று படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பாள். ஒருநாள் தலைசுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ரத்த அழுத்தம் எக்கச்சக்கம் என்றார் டாக்டரம்மா.

அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு வாயைத் திறக்க வழியில்லாமல் போயிற்று. குழாயை ஏன் மூடவில்லை என்று கேட்டால்கூடக் கணவன் கையை உயர்த்துவான். "சத்தம் போடாத, பிரஷர் ஏறிடும்." பார்த்தால் அக்கறை மாதிரி இருக்கும். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கொழுந்தன் பெயின்ட் வியாபாரம் தொடங்கினான். அவள் வேலைக்குப் போயிருந்தபோது, அவள் படுக்கிற பின்னறையில் டின்களை அடுக்கிவிட்டான். வந்து பார்த்தால் அவளுடைய கட்டில் கூடத்தில் கிடக்கிறது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா டென்ஷன் ஆவே. உன் உடம்புக்காகத்தான் சொல்லல" என்றான் கணவன்.

"அண்ணி, மாத்திரை போட்டீங்களா?" என்றான் கொழுந்தன், சிரித்த முகமாய்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடுத்த முறை டாக்டரம்மா தினமும் நடக்கச் சொன்னபோது அவரிடமும் எரிந்து விழுந்தாள்.

"நாள் பூரா காலிலேயே நிக்கிறேன். இன்னும் நடக்கணுமா?"

"நிக்கிறது வேற, நடக்கிறது வேற. மூச்சு வாங்கணும். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம். மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

பாடுகிற நிலையிலா இருந்தாள்? வேலை முடிந்ததும் சலவைக்கூடத்து மதிலைச் சுற்றி விறுவிறுவென்று நடந்தாள். வீட்டில் சொல்ல விடாததையெல்லாம் மதிலிடம் சொன்னாள். வாசல் காவலாளி முதலில் மிரண்டார். பிறகு வழியை விட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். முதல் மாதம் அழுத்தம் பெரிதாக இறங்கவில்லை. அதற்கும் ஆத்திரம் வந்தது. விடாமல் நடந்தாள். மழைக்காலம் கழிந்தபோது மாடிப்படி ஏறினால் இரைக்கவில்லை. டாக்டரம்மா இரண்டு முறை அளந்து பார்த்தார். "நல்லா இறங்கியிருக்கு. மாத்திரையைக் குறைச்சுப் பார்ப்போம்."

சந்தோஷமான செய்திதான். ஆனால் வெளியே வந்தவளுக்கு மனம் ஆறவில்லை. அழுத்தம் இறங்கிவிட்டது, ஆத்திரம் இம்மியும் இறங்கவில்லை. அவள் கேட்ட நியாயத்தையெல்லாம் இத்தனை நாளும் நோய்க் கணக்கில் எழுதிவிட்டார்களே!

வீட்டுக்கு வந்த கையோடு பின்னறைக்குப் போய் டின்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூடத்தில் வைத்தாள். கணவன் பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஏய், என்ன பண்றே? பிரஷர்..."

"பிரஷர் இறங்கிடுச்சு. இது கோபம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "அண்ணி, நாளைக்கு வேணா..."

"இப்பவே."

அவன் வண்டி பிடிக்கப் போனான். கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். சமாதானம் செய்ய அவள் போகவில்லை. "கட்டிலை ஒரு பக்கம் பிடிங்க" என்றாள். பிடித்தான்.

அறையில் பெயின்ட் வாடை போக வெகுநாள் ஆயிற்று. அது மூக்கில் ஏறும்போதெல்லாம் அவளுக்குச் சுறுசுறுவென்று கோபம் வரும். அடக்கிக்கொள்ள அவள் முயலவே இல்லை.