சுவரில் விழுந்த சிவப்பு

என் அக்கா ஒரு மெக்கானிக். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவளே பெருமையடித்துவிடுவாள். அவளைப் பற்றிப் பெருமையடிக்க வேண்டியது என் பொறுப்பு.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். யாராவது வந்து, கடையில் ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்டால், "இருக்காரே, உள்ள சமைச்சுக்கிட்டிருக்காரு" என்பாள். மாமா உண்மையிலேயே சமைத்துக்கொண்டிருப்பார். ஆனால் வேலையில் கை வைத்துவிட்டால் அவளிடம் அவசரம் என்பதே கிடையாது.

ஒற்றை ஆளாக வேலை செய்வதால், பிரேக் லைட்டைச் சோதிக்க அவளுக்கு ஒரு வழி உண்டு. வண்டியின் பின்பக்கத்தை வெள்ளைச் சுவரை ஒட்டி நிறுத்துவாள். பெடலை மிதிக்கும்போது சுவரில் சிவப்பு விழுந்தால் சரி.

அன்று பைக்கில் பார்சல் கொண்டுபோகும் ஒருவர், வெளியே வாங்கிய புட்ரெஸ்ட் செட்டோடு வந்தார். காலைப் பின்னுக்குத் தள்ளி வைத்து ஓட்டுகிற மாதிரியான செட்; பிரேக் பெடலும் அதோடு வரும். பெடல் இடம் மாறினால், அது இழுக்கிற பிரேக் லைட் சுவிட்சையும் மாற்றியாக வேண்டும். அக்கா இரண்டையும் மாட்டி முடித்தாள். மிதித்தாள், சுவரில் சிவப்பு விழுந்தது. அவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைபாஸ் பக்கம் கிளம்பினார்.

தரையைக் கூட்டும்போது பழைய டியூப் துண்டு ஒன்று அக்காவின் கையில் பட்டது. அப்படியே நின்றுவிட்டாள். வேலை நடக்கையில் வண்டி உருளாமலிருக்க, ஹேண்டில்பாரில் இருக்கும் முன்பிரேக்கை அந்த டியூபால்தான் இழுத்துக் கட்டுவாள். முன்பிரேக்கைப் பிடித்தாலும் எரிவது அதே விளக்குதான்.

"லைட்டப் பார்த்தப்புறம்தான்டா இத அவுத்தேன்" என்றாள். "கால் சுவிட்ச் வேலை செய்யுதான்னே எனக்குத் தெரியாது."

போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மாமா உள்ளேயிருந்து வந்து, ஒன்றும் ஆகாது, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அக்கா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. முன்னால் போகிற ஒவ்வொரு பைக்கையும் அவள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். ஓரிடத்தில் சாலையோரம் கூட்டம். அக்கா வண்டியை மெதுவாக்கினாள். பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம்.

பைபாஸில் அவரைக் கண்டுபிடித்தோம். அவருக்குப் பின்னால் ஒரு லாரி. பள்ளத்தைப் பார்த்து அவர் வேகம் குறைத்தார். பின்னால் சிவப்பு எரியவில்லை. லாரி அலறிக்கொண்டு நின்றது.

"கெட்டியா புடிச்சுக்கோ" என்று சொல்லி, இருவருக்கும் நடுவில் நுழைந்தாள் அக்கா. லாரிக்காரருக்குச் சிவப்பு தெரிகிற மாதிரி தன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டே, பார்சல்காரர் ஓரங்கட்டும்வரை ஹாரனை அழுத்தினாள்.

"வண்டி நல்லாத்தானேம்மா நிக்குது?" என்றார் அவர்.

"நிக்குதுண்ணே. நிக்கிறது பின்னாடி வர்றவனுக்குத் தெரியல. என் தப்பு."

அவர் தாண்டிப் போன லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஈரத்தில் முட்டி போட்டாள். சுவிட்சின் ஸ்பிரிங் தொளதொளவென்று கிடந்தது. நட்டைத் திருகிச் சுவிட்சை மேலே தூக்கி ஸ்பிரிங்கை இறுக்கினாள். அவரிடம், முன்பிரேக்கைத் தொடாமல் பெடலை மிதிக்கச் சொன்னாள். எரிகிறது என்று நான் சொன்னேன். மறுபடி மிதிக்கச் சொன்னாள். அப்புறம் என்னைத் தள்ளிவிட்டுத் தானே பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"பாலம் வரைக்கும் பின்னாடியே வாங்க" என்றார் அவர். கோபமா பயமா, தெரியவில்லை.

போனோம். பிரேக் போடும்போதெல்லாம் சிவப்பு பளிச்சென்று எரிந்தது. பாலம் தாண்டியதும், போதும் என்று அவர் கையசைத்தார். அக்கா வண்டியைத் திருப்பவில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே பின்னாலேயே போனாள்.