ஹவா கேட்டார், ஹவ் என்றேன்

இப்போது பிள்ளைகளை விடுவதற்கென்று கட்டுகிறார்களே, அந்தக் கட்டடங்களைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. ஜன்னல் முழுக்கக் கண்ணாடி, ஒன்றும் திறக்க வராது. என்னைக் கேட்டால் சொல்வேன். எவன் கேட்கிறான்?

நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் நிஜாம் காலத்தில், சிகந்தராபாத் மில்லில் வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளுக்குத் தொட்டில் அறை கட்டியது இந்தக் கைதான். கூரைக்குக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில், அந்த ஊரில் ‘ரோஷன்தான்’ என்று சொல்லும் காற்றுத் திறப்புகளை வைத்தேன். சூடும் புகையும் அந்தத் திறப்புகள் வழியே தானாக வெளியேறும். எந்த இன்ஜினீயரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

குளிர் தொடங்கியபோது, மில்லை மேற்பார்வை பார்க்கும் தரோகா மேலே கை காட்டி ஏதோ கேட்டார். நான் ஆற்காட்டிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்குப் பிடிபட்டது ‘ஹவா’ ஒன்றுதான். காற்று நன்றாக வருகிறதென்று மெச்சுகிறார் என நினைத்து, நெஞ்சை நிமிர்த்தி, “ஹவ் சாப், ஹவ்!” என்றேன். ஆமாம் என்பதற்கு அந்த ஊர்ச் சொல் அது.

ஒரு வாரத்தில் எங்கள் ஆறு மாதப் பெண் பால் குடிக்காமல் இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். அவளை அந்த அறையில் விட்டுவிட்டுத்தான் என் மனைவி மில்லில் வேலை பார்த்தாள்.

“உள்ள போனா கண்ணு எரியுதுங்க. நீங்க கட்டுன லட்சணம்!” என்றாள்.

ஓடினேன். ரோஷன்தான் எல்லாவற்றிலும் பஞ்சுக் கழிவை அடைத்துச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். கதவும் சாத்தியிருந்தது. பால் காய்ச்சும் கரியடுப்பு உள்ளேயே கனன்றுகொண்டிருந்தது.

“எவன்டா அடைச்சான்?” என்று கத்தினேன்.

தரோகா வந்தார். “கைக்கு சில்லாரா? டண்டி ஹவா பந்த் கர்னா க்யா பூச்சா தோ, தூச் ஹவ் போலா!”

அறையைப் பார்த்துக்கொண்ட ஆயா தமிழச்சி. “ஏன் கத்துறேங்கறாரு மேஸ்திரி. குளிர்காத்த அடைக்கட்டுமான்னு கேட்டப்ப நீங்கதான் ஆமான்னீங்களாமே!” என்று சிரித்தாள்.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதற்காகக் கோபம் தணிந்துவிடுமா? அடைத்தவனுக்கு மூக்கு இல்லையா? நாள் முழுக்க உள்ளே இருமிக்கொண்டிருந்த இவள் கதவையாவது திறந்தாளா?

சுத்தியலோடு ஏணியில் ஏறினேன்.

“நக்கோ, நக்கோ!” வேண்டாமென்று கீழே நின்று குதித்தார் தரோகா. “நௌக்ரி ஜாதி தேரி!”

வேலை போய்விடும் என்கிறார். இந்த முறை நன்றாகப் புரிந்துதான், “ஹவ்!” என்றேன்.

ஒரு திறப்பு விடாமல் உடைத்தேன். வேலை அன்றே போயிற்று. மகளை வாசல் வேப்பமரத்து நிழலில் தூளி கட்டிப் போட்டோம். ஐந்தாம் நாள் பாலுக்கு வாய் திறந்தாள்.