ஃபயர் என்ற சொல்

வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் மாலையில் ஆன்லைனில் துப்பாக்கி விளையாட்டு ஆடும்போது, பல நாட்டுக் கூட்டாளிகளோடு பத்துச் சொல்லிலேயே சமாளித்துவிடுவார்.

அன்று ஒரு கூட்டாளி மைக்கில், "ஃபயர்! ஃபயர்!" என்று கத்தினான். சுடச் சொல்கிறான் என்று எல்லோரும் சுட்டார்கள். அவன் நிறுத்தவில்லை, தன் மொழியில் அழத் தொடங்கினான். வெல்டர் சுடுவதை நிறுத்தினார்.

"ஐயோ, கூட ஆடுறவன் வீட்டுல நெசமாவே தீப்பிடிச்சிருக்குடி!" என்றார் மனைவியிடம்.

"அப்ப வெளிய ஓடச் சொல்லுங்க!"

அவர் மைக்கில், "நோ கேம்! கோ! அவுட் கோ!" என்று அலறினார். அந்தப் பக்கம் ஏதோ சரிந்து விழுந்தது. பிறகு சத்தமே இல்லை.

அதன்பின் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வாரக் கடைசியில்தான் அந்தக் கூட்டாளியிடமிருந்து செய்தி வந்தது: "ஹவுஸ் நோ. மதர் ஓகே. மீ ஓகே."

மனைவிக்கு அதை இரண்டு முறை படித்துக் காட்டினார்.